லிட்டில் க்ரோவின் சொந்தப் பெயர்: ஒரு டகோட்டா தலைவரின் வம்சத்தைத் தேடுவது எப்படி?

1863 ஜூலை 3 அன்று சாயங்காலம், அமெரிக்காவின் மினசோட்டாவில் ஹட்சின்சன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ராஸ்பெரி பறித்துக்கொண்டிருந்த ஒருவரை அந்தப் பக்கத்துக் குடியானவர் ஒருவரும் அவர் மகனும் சுட்டுக் கொன்றார்கள். யாரைச் சுட்டோம் என்று அவர்களுக்கே தெரியாது. அப்போது கூட இருந்த பதின்வயது மகன் தப்பி ஓடி, பல நாள் பட்டினியோடு வடக்கே டெவில்ஸ் லேக் பக்கம் ராணுவத்தின் கையில் சிக்கினான். அவன் வாய் திறந்த பிறகுதான் செத்தவர் முந்தைய ஆண்டு வெள்ளையரோடு நடந்த போரில் டகோட்டா என்ற அமெரிக்கப் பழங்குடியினரை நடத்திய தலைவர் என்று வெளியே தெரிந்தது. உடலிலும் சாட்சி இருந்தது. பல வருடங்களுக்கு முன் குண்டு பட்டு இரண்டு மணிக்கட்டும் கோணலாகக் கூடிப்போயிருந்தன.

ஆங்கில வரலாற்று நூல்கள் அவரை 'லிட்டில் க்ரோ' என்கின்றன, அதாவது சிறு காகம். அது அவர் பெயர் அல்ல. அவர் அப்பா பெயரும் அல்ல. தாத்தாவின் பெயரைக்கூட அது சரியாகச் சொல்லவில்லை. டகோட்டா வம்சத்தைத் தேடுகிறவர்கள் இடறி விழும் இடங்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரு குடும்பத்தில் இருப்பதால், இதையே மாதிரியாக வைத்து வழிமுறையைச் சொல்கிறேன். நீங்கள் தேடுவது வேறு டகோட்டா குடும்பமாக இருந்தாலும் படிகள் பெரிதாக மாறாது.

முதல் படி: பட்டப்பெயரைத் தனியாக எடுத்து வையுங்கள்

ஒரு தாளில் இரண்டு கட்டம் போடுங்கள். ஒன்றில் வெளியார் அவரை அழைத்த பெயர்கள், இன்னொன்றில் அவருடைய ஆட்கள் அழைத்த பெயர்கள். இதைச் செய்யாமல் தேடலில் இறங்கினால் மூன்று தலைமுறை ஒரே ஆளாகத் தெரியும்.

இந்தக் குடும்பம் ம்டேவாக்கான்டன் பிரிவைச் சேர்ந்தது. டகோட்டாக்களின் கிழக்குப் பிரிவுகள் நான்கு: ம்டேவாக்கான்டன், வாஹ்பெக்குட்டே, வாஹ்பெட்டன், சிசிட்டன். இன்றைய செயின்ட் பால் நகருக்குத் தெற்கே மிசிசிப்பிக் கரையில் இருந்த கப்போசியா இவர்களுடைய ஊர். கனமில்லாதது, லேசானது என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்த பெயர் அது. மூட்டை முடிச்சு அதிகமில்லாமல் நடமாடுகிறவர்கள் என்று விளக்கம் சொல்வார்கள். அந்த ஊர்த் தலைவர்களைப் பிரெஞ்சு வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாக 'பெத்தி கோர்போ' என்றார்கள். ஆங்கிலேயர் அதை லிட்டில் க்ரோ ஆக்கினார்கள். பிரெஞ்சில் கோர்போ என்பது நம்ம ஊர் அண்டங்காக்கை மாதிரியான பெரிய பறவை. சாதாரணக் காகத்துக்கு அவர்களிடம் வேறு சொல் உண்டு. ஆக, மொழி மாறிய முதல் தடவையிலேயே பறவை இளைத்துவிட்டது.

ஆகவே ஆவணத்தில் 'லிட்டில் க்ரோ' என்று பார்த்தால் முதலில் ஆண்டைப் பாருங்கள். 1805இல் அமெரிக்க ராணுவ லெப்டினன்ட் பைக்கின் உடன்படிக்கையில் பிரெஞ்சுப் பட்டத்துக்குப் பக்கத்தில் சிலுவைக் குறி இட்டவர் தாத்தா. 1851இல் மெண்டோட்டா உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர் பேரன். இருவருக்கும் நடுவில் இருந்த அப்பாவுக்கும் அதே பட்டம்தான்.

இணையத்தில் தேடும்போது இன்னொரு வம்பும் வரும். 'க்ரோ' என்று மட்டும் தட்டினால் மொன்டானாவில் வாழும் க்ரோ இனத்துக்குப் போய்விடுவீர்கள். 'லிட்டில் ரேவன்' என்பவர் அரபஹோ தலைவர். இருவருக்கும் இந்தக் குடும்பத்தோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இரண்டாம் படி: பெயரைச் சொல் சொல்லாகப் பிரியுங்கள்

அவருடைய சொந்தப் பெயர் டாஓயாட்டே டூட்டா. ஒரே சொல்லாகவும் எழுதுவார்கள். மூன்று துண்டுகள்: 'டா' என்றால் அவருடைய, 'ஓயாட்டே' என்றால் மக்கள் அல்லது இனம், 'டூட்டா' என்றால் கருஞ்சிவப்பு. சேர்த்தால் 'அவருடைய சிவந்த மக்கள்'. மெண்டோட்டா உடன்படிக்கையின் அச்சுப் பிரதியிலும் இதே பொருள்தான் பெயரோடு தரப்பட்டிருக்கிறது. காகம் எங்கேயும் இல்லை. டகோட்டாவில் காகத்துக்கு 'காங்கி' என்று வேறு சொல் இருக்கிறது.

இப்படிப் பிரிக்க உங்களுக்குத் தேவை ஒரு நல்ல அகராதி. ஸ்டீபன் ரிக்ஸ் என்ற மிஷனரி தொகுத்த டகோட்டா இலக்கணமும் அகராதியும் 1852இல் ஸ்மித்சோனியன் வெளியீடாக வந்தன. அவர் இறந்த பிறகு, ஜேம்ஸ் ஓவன் டோர்சி பதிப்பித்த விரிவான அகராதி 1890இல் வந்தது. இரண்டும் பதிப்புரிமை தீர்ந்தவை, ஸ்கேன் பிரதிகள் இலவசமாகக் கிடைக்கும். தேடும்போது பெயரின் முதல் எழுத்தில் போய் நிற்காதீர்கள். 'டா' என்பது உடைமையைக் காட்டும் முன்னொட்டு. அதைக் கழற்றிவிட்டு 'ஓயாட்டே'யையும் 'டூட்டா'வையும் தனித்தனியாகப் பாருங்கள்.

கிளைமொழி விஷயத்திலும் கவனம் வேண்டும். டகோட்டாவில் 'ட' என்று வரும் பல இடங்களில் மேற்கே லகோட்டாவில் 'ல' வரும். மொழியின் பெயரிலேயே அந்த வேறுபாடு தெரிகிறது. ரெட் க்ளவுட் என்ற லகோட்டா தலைவரின் பெயர் 'மஹ்பியா லூட்டா'. நம் ஆளின் பெயரில் இருக்கும் 'டூட்டா'வும் அந்த 'லூட்டா'வும் ஒரே சொல்தான். ஆக, லகோட்டா அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு டகோட்டாப் பெயரைத் தேடினால் வெறுங்கையோடு திரும்புவீர்கள்.

சிவப்புக்கு அந்த மொழியில் 'ஷா' என்ற சொல்லும் உண்டு. வேறொரு ம்டேவாக்கான்டன் தலைவரான வாபாஷாவின் பெயரில் இருப்பது அதுதான். அந்தப் பெயரைச் சிவந்த இலை என்று சிலரும், சிவப்புக் கொடி என்று சிலரும் பிரிக்கிறார்கள். இரண்டு பிரிப்பையும் குறித்துக்கொண்டு நகருங்கள். பழைய பெயர்களுக்கு ஒரே பொருள்தான் இருக்க வேண்டும் என்று அடம்பிடிப்பது நம் காலத்துப் பழக்கம்.

தமிழில் குறிப்பு எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் 'ட' ஒன்றே இரண்டு ஒலிக்கும் வேலை செய்கிறது. டாஓயாட்டேவின் முதல் எழுத்து ஒலிப்பில்லாதது, டூட்டாவின் முதல் எழுத்து ஒலிப்புள்ளது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். அதனால் மூல எழுத்துக்கூட்டலையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். மூக்கொலிக்கும் தொண்டை ஒலிக்கும் ரிக்ஸ் தனிக் குறிகள் வைத்திருக்கிறார், ஆனால் அரசு குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். ஒரே பெயர் ஐந்தாறு வடிவத்தில் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். எல்லா வடிவத்தையும் ஒரு பட்டியலாகச் சேர்த்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

மூன்றாம் படி: மேல்நோக்கி ஏறுங்கள்

அப்பாவின் பெயர் வாக்கின்யான் டாங்கா. 'வாக்கின்யான்' என்றால் இடி, டகோட்டா நம்பிக்கையில் இடியைக் கொண்டுவரும் பறவை வடிவத் தெய்வங்கள். 'டாங்கா' என்றால் பெரிய. ஆங்கிலத்தில் பிக் தண்டர் என்பார்கள். இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள், கடைசியில் தேவைப்படும்.

தாத்தாவின் பெயரில்தான் சிக்கல் அதிகம். 'சேட்டான் வாக்குவா மானி' என்று படித்தால், நடந்துகொண்டே வேட்டையாடும் பருந்து. 'சேட்டான் வாக்கான் மானி' என்று படித்தால், நடந்து வரும் புனிதப் பருந்து. ஒரே ஒரு அசைதான் வேறு, ஆனால் ஒன்று வேட்டைக்காரன், மற்றது தெய்வாம்சம். இரண்டிலும் பறவை பருந்துதான். பருந்து எப்படிக் காகமானது என்பதற்கு விதவிதமான கதைகள் உண்டு. எழுதும்போது கதையைக் கதை என்றே குறிப்பிடுங்கள்.

மேல்நோக்கிப் போகும்போது தலைமை கைமாறிய நேரத்தைத் தேடுங்கள். குடும்பச் சண்டை நடந்த இடத்தில்தான் ஆவணம் நிறையக் கிடைக்கும். 1840களின் நடுவில் பிக் தண்டர் தன் துப்பாக்கியே தவறுதலாக வெடித்து இறந்தார். வேறு ஊரில் இருந்த டாஓயாட்டே டூட்டா 1846இல் கப்போசியாவுக்குத் திரும்பியபோது, வேறு தாய்க்குப் பிறந்த சகோதரர்கள் வழிமறித்தார்கள். அப்போது பாய்ந்த குண்டுதான் இரண்டு மணிக்கட்டையும் உடைத்தது. பதினேழு வருடம் கழித்து உடலை அடையாளம் காட்டியது அந்தக் காயம்தான். ஒரு பங்காளிச் சண்டை மூன்று விஷயங்களுக்கு ஆதாரம் தருகிறது: அப்பா யார், சகோதரர்கள் யார், செத்தவர் யார். அதே 1846இல் டாக்டர் தாமஸ் வில்லியம்சன் அந்த ஊரில் மிஷன் தொடங்கினார். அதனால் அந்த ஆண்டிலிருந்து மிஷனரிகளின் கடிதங்களும் கைக்கு வருகின்றன.

நான்காம் படி: பிறந்த வரிசைப் பெயரை ஆள் பெயர் என்று எண்ணாதீர்கள்

இந்தப் படியில் ஏற்படும் தவறுக்கு ஒரு உயிர் போயிருக்கிறது. டகோட்டாக் குடும்பத்தில் குழந்தை பிறந்ததும் வரிசைப்படி ஒரு பெயர் தானாகவே வந்துவிடும். முதல் மகன் சஸ்கே, இரண்டாமவன் ஹெபான், மூன்றாமவன் ஹெப்பி, நான்காமவன் சாட்டான், ஐந்தாமவன் ஹாக்கே. முதல் மகள் வினோனா, அடுத்தவள் ஹாபான். நம்ம வீட்டில் பெரியவன், நடுவுலவன், சின்னவன் என்கிறோமே, கிட்டத்தட்ட அது மாதிரி. சொந்தப் பெயர் பிறகு வரும், வாழ்க்கையில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை மாறவும் செய்யும்.

1862 போருக்குப் பிறகு ராணுவ நீதிமன்றம் 303 பேருக்கு மரண தண்டனை விதித்தது. அதிபர் லிங்கன் பட்டியலைக் குறைத்தார். டிசம்பர் 26 அன்று மான்கேட்டோவில் 38 பேரை ஒரே மேடையில் தூக்கிலிட்டார்கள். அவர்களில் சஸ்கே என்று அழைக்கப்பட்ட ஒருவர், சேரா வேக்ஃபீல்ட் என்ற வெள்ளைக்காரப் பெண்ணைப் போர் முழுக்கக் காப்பாற்றியவர். தூக்குப் பட்டியலில் அவர் இல்லை. கிட்டத்தட்ட அதே பெயருள்ள வேறொருவர்தான் பட்டியலில் இருந்தார். ஊரில் பாதி வீட்டில் மூத்த மகன் சஸ்கே என்றால், பெயரைக் கூப்பிட்டதும் தவறான ஆள் எழுந்து வருவது ஆச்சரியமா?

ஆகவே ஒரு பட்டியலில் சஸ்கே, ஹெபான், வினோனா என்று கண்டால் அதைப் பெயராக எடுக்காமல் 'மூத்தவன்', 'இரண்டாமவன்', 'மூத்தவள்' என்று குறியுங்கள். அதில் ஒரு லாபமும் உண்டு. ஒருவர் ஹெப்பி என்றால், அவருக்கு முன் குறைந்தது இரண்டு அண்ணன்மார் பிறந்திருக்கிறார்கள். அவர்களைத் தேட வேண்டும்.

பெண்களின் பெயர்கள் பெரும்பாலும் 'வின்' என்று முடியும், அது பெண் என்பதைக் காட்டும் ஈறு. டாஓயாட்டே டூட்டாவின் மனைவியரில் நால்வர் உடன்பிறந்த சகோதரிகள், இன்யாங்மானி என்ற வாஹ்பெட்டன் தலைவரின் மகள்கள். அவர்களில் ஒருவர் பெயர் மக்காட்டோவின்: 'மக்கா' மண், 'டோ' நீலம், 'வின்' பெண். மான்கேட்டோ என்ற ஊர்ப்பெயருக்குள்ளும் அதே நீல மண்தான் ஒளிந்திருக்கிறது. இன்னொன்று, 'டோ' பச்சைக்கும் வரும். மொழிபெயர்ப்பில் நிறம் மாறியிருந்தால் அது வேறு பெண் என்று முடிவு கட்ட வேண்டாம்.

ஐந்தாம் படி: உறவுச் சொற்களைத் தமிழ்க் காதால் கேளுங்கள்

இந்த இடத்தில் ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களைவிட நமக்குக் கொஞ்சம் வசதி. டகோட்டாவில் அப்பா 'ஆட்டே', அப்பாவின் சகோதரரும் 'ஆட்டே'. அம்மா 'இனா', அம்மாவின் சகோதரியும் 'இனா'. தாய்மாமனுக்கு 'டெக்ஷி' என்றும் அத்தைக்கு 'துன்வின்' என்றும் தனிச் சொற்கள். பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி பிள்ளைகள் அண்ணன் தம்பி, அக்கா தங்கைதான். மாமன், அத்தை பிள்ளைகளுக்குத்தான் வேறு சொல். லூயிஸ் ஹென்றி மார்கன் 1871இல் வெளியிட்ட உறவுமுறை ஆய்வில் வட அமெரிக்கப் பழங்குடிகளின் முறையையும் தமிழர் முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இந்த ஒற்றுமையைக் காட்டினார்.

ஆனால் ரொம்பவும் உரிமை எடுத்துக்கொள்ளாதீர்கள். மாமன் மகளைக் கட்டும் வழக்கம் டகோட்டாக்களிடம் இல்லை. அந்த முறையில் பிறந்தவர்களோடு கேலியும் கிண்டலும் உண்டு, கல்யாணம் கிடையாது. அதனால் 'மாமா என்றால் மாமனாராகவும் இருக்கலாம்' என்ற நம் ஊர்க் கணக்கை அங்கே போடக் கூடாது.

நடைமுறையில் இதன் பயன் என்ன? ஆங்கிலப் பதிவில் 'சகோதரர்' என்றிருந்தால் சித்தப்பா மகனாகவும் இருக்கலாம். 'இரண்டு அப்பா' உள்ள ஒருவரைக் கண்டால் பதிவு தப்பு என்று அடித்துவிடாதீர்கள், ஒருவர் பெரியப்பாவோ சித்தப்பாவோ ஆக இருப்பார். பெற்றவர் யார் என்று தனி ஆதாரம் கிடைக்கும்வரை மரத்தில் புள்ளிக்கோடு மட்டும் போடுங்கள்.

ஆறாம் படி: மக்கள் போன வழியே ஆவணங்களுக்குப் போங்கள்

1862க்கு முன் என்றால் உடன்படிக்கைகளும், அரசு ஆண்டுதோறும் தந்த பணத்துக்கான பட்டுவாடாப் பட்டியல்களும். இவற்றில் பெரும்பாலும் தலைவரின் கூட்டம், குடும்பத் தலைவர் பெயர், ஆண் பெண் பிள்ளை எண்ணிக்கை, அவ்வளவுதான் இருக்கும்.

போருக்குப் பிறகு குடும்பங்கள் சிதறின. பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் 1862-63 குளிர்காலத்தை ஸ்னெல்லிங் கோட்டைக்குக் கீழே முகாமில் கழித்து, 1863இல் மிசௌரிக் கரையின் க்ரோ க்ரீக்குக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கிருந்து 1866இல் நெப்ராஸ்காவின் சான்டீக்கு. தண்டனை பெற்ற ஆண்கள் அயோவாவின் டேவன்போர்ட் சிறையில் 1866 வரை இருந்தார்கள். இன்னும் பலர் எல்லை தாண்டி இன்றைய கனடாவின் மனிடோபா, சஸ்காச்சுவான் பகுதிகளில் தங்கிவிட்டார்கள். அமெரிக்கப் பட்டியலில் ஆள் காணாமல் போனால் செத்துவிட்டார் என்று எழுதாமல் வடக்கே பாருங்கள். 1869இல் சான்டீயிலிருந்து சில கிறிஸ்தவக் குடும்பங்கள் கிளம்பிப் போய் இன்றைய தெற்கு டகோட்டாவின் ஃப்ளாண்ட்ரோவில் நிலம் எடுத்தன.

டேவன்போர்ட் சிறைவாசிகள் டகோட்டா மொழியிலேயே மிஷனரிகளுக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன, அவற்றில் ஒரு பகுதி மொழிபெயர்க்கப்பட்டும் வந்திருக்கிறது. மனைவி எப்படி இருக்கிறாள், தம்பி எங்கே என்று கேட்கும் கடிதங்களில் அரசுப் பட்டியல் எதிலும் இல்லாத உறவுகள் கிடைக்கும். என்னைக் கேட்டால், மற்ற ஆவணங்களைவிட முதலில் படிக்க வேண்டியவை இவைதான்.

1884 ஜூலை 4 சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு ஏஜென்சியும் (பழங்குடிகளைக் கவனித்த அரசு அலுவலகம்) வருடந்தோறும் கணக்கெடுக்க வேண்டியிருந்தது. அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் எம்595 என்ற எண்ணில், 1885 முதல் 1940 வரை, 692 மைக்ரோஃபிலிம் சுருள்களாக இது இருக்கிறது. பல ஆண்டுகளில் டகோட்டாப் பெயர், ஆங்கிலப் பெயர், வயது, குடும்பத் தலைவரோடு உறவு எல்லாம் ஒரே வரியில் வரும். இரண்டு பெயரும் ஒன்றாக இருக்கும் ஒரு வரி கிடைத்துவிட்டால், அதை ஆணியடித்து வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் போகலாம். ஃப்ளாண்ட்ரோ மக்கள் சில ஆண்டுகளில் சான்டீ ஏஜென்சியின் கீழ் பதிவாகியிருப்பார்கள், இரண்டிலும் தேடுங்கள். வயதை நம்பாதீர்கள், மூன்று வருடக் கணக்கெடுப்பில் ஒருவருக்கு மூன்று பிறந்த ஆண்டு வரும்.

ஏழாம் படி: கீழ்நோக்கி இறங்குங்கள்

டெவில்ஸ் லேக்கில் பிடிபட்ட மகனின் பெயர் வோவினாப்பா, புகலிடம் என்று பொருள். அவனுக்கும் ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது, ஆனால் அது நிறைவேறவில்லை. டேவன்போர்ட் சிறையில் கிறிஸ்தவரானார். வெளியே வந்தபோது பெயர் தாமஸ் வேக்மன். 1879இல் ஃப்ளாண்ட்ரோவில் டகோட்டாக்களுக்கான ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தைத் தொடங்கியவர் இவரே.

வேக்மன் என்றால் யாரோ ஆங்கிலேயர் குடும்பப் பெயர் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். தாமஸின் தாத்தா, அதாவது டாஓயாட்டே டூட்டாவின் அப்பா பெயரை இங்கே நினைவுபடுத்துங்கள்: வாக்கின்யான். அந்த ஒலிதான் வேக்மன் ஆனது என்று விளக்குகிறார்கள். பதிவேட்டுக்காக ஆங்கில வேஷம் போட்ட டகோட்டாப் பெயர். இப்படியான குடும்பப் பெயர்கள் நிறைய. ஆங்கிலமாகத் தெரியும் ஒவ்வொன்றையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், தாத்தா யாராவது உள்ளே இருக்கலாம்.

எட்டாம் படி: உயிரோடு இருப்பவர்களிடம் போவதற்கு முன்

சுட்டவருக்கு மினசோட்டா 500 டாலர் வெகுமதி கொடுத்தது. செத்தவரின் தலைத்தோலும் மண்டையோடும் கை எலும்புகளும் பல காலம் மினசோட்டா வரலாற்றுச் சங்கத்தின் வசம் இருந்தன, பார்வைக்கும் வைக்கப்பட்டன. 1971இல்தான் அவை குடும்பத்தாரிடம் திரும்பி, ஃப்ளாண்ட்ரோவில் அடக்கமாயின. கடிதம் எழுதும்போது இது மனதில் இருக்கட்டும். பழைய புத்தகங்களில் அந்த எச்சங்களின் படங்கள் கிடைத்தால் உங்கள் குடும்ப மரத்தில் ஒட்டாதீர்கள்.

அந்தச் சங்கத்தின் செயின்ட் பால் நூலகத்தில் உடன்படிக்கைக் கால ஆவணங்களும் மிஷனரி கடிதங்களும் இருக்கின்றன, முதலில் அங்கே உள்ள நூலகரைக் கேளுங்கள். அப்புறம் ஃப்ளாண்ட்ரோ சான்டீ சூ, நெப்ராஸ்கா சான்டீ ஆகிய பழங்குடி அரசுகளின் அலுவலகங்கள் ('சூ' என்பது டகோட்டாக்களை வெளியார் அழைத்த பெயர்). உறுப்பினர் பதிவு அவர்களுடைய சொந்த விஷயம், வெளியாருக்குக் காட்ட வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை. நீங்கள் யார், எதற்காகக் கேட்கிறீர்கள், கிடைத்ததை என்ன செய்வீர்கள் என்று மூன்று வரி எழுதுங்கள். ஏற்கெனவே பிரித்து வைத்த பெயரையும் அதில் சேருங்கள். 'லிட்டில் க்ரோவின் வாரிசுகள்' என்று கேட்பதைவிட 'டாஓயாட்டே டூட்டாவின் குடும்பம்' என்று கேட்டால், கொஞ்சமாவது படித்துவிட்டு வந்த ஆள் என்று தெரியும்.